காணாமற்போன ஏடுகளும் பதிவேறாத கோப்புகளும்



புறநானூற்றில் 400 பாடல்கள் உள்ளன என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். உண்மையில் 267, 268 ஆகிய இரு பாடல்களும் நமக்குக் கிடைக்கவில்லை. ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை. நற்றிணையில் 234 இல்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. இல்லாத ஒன்றின் எண் நமக்கு எப்படித் தெரிந்தது? இக்கேள்வியை ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற காலத்தில் நான் கேட்டதில்லை. சொந்த அனுபவத்தில் அடிபட்ட பிறகே கேட்டேன்.

2022ஆம் ஆண்டு, பாகான் நக்கோடா ஓமார் வட்டாரத் தோட்டப்புறங்களில் வாழ்ந்த நம் மக்களின் பழைய நிழற்படங்களைத் திரட்டத் தொடங்கினேன். தோட்டத்தை விட்டு வெளியேறி சுங்கை பெசார், கோலசிலாங்கூர், கிள்ளான் எனப் பல இடங்களில் குடியேறிய குடும்பங்களைத் தேடிச் சென்றேன். பள்ளி விளையாட்டுப் போட்டி, கோயில் திருவிழா, லயத்து வாசலில் எடுத்த திருமணப் படம் என்று அவர்கள் நம்பிக் கொடுத்தவற்றை வருடியில் படியெடுத்து, உரியவர்களிடமே திருப்பிக் கொடுத்தேன். மொத்தம் 412 படங்கள். ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, படத்தில் இருப்பது என்ன, கொடுத்தவர் யார் என்று ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதி வந்தேன்.

ஓரிரவு அனைத்தையும் மேகச் சேமிப்பகத்திற்குப் பதிவேற்றினேன். இணைய வேகம் குறைவு, நள்ளிரவைத் தாண்டியது. காலையில் திரையின் மூலையில் ஏதோ ஓர் அறிவிப்பு இருந்தது. முடிந்துவிட்டது என்றெண்ணி, அதைப் படிக்காமலேயே மடிக்கணினியை மூடிவிட்டேன். சில மாதங்களில் அம்மடிக்கணினி பழுதடைந்தது. கவலையின்றி மேகச் சேமிப்பகத்தைத் திறந்தேன். அங்கே இருந்தவை 371 படங்கள். 41 படங்கள் இல்லை!

எவை இல்லை என்பதைச் சொன்னது அந்தப் பயிற்சிப் புத்தகந்தான். 187 முதல் 213 வரை 27 படங்கள். இடையில் இணையம் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். 399 முதல் 412 வரை 14 படங்கள்; இலவசமாகக் கிடைக்கும் 15 கிகாபைட் இடம் நிரம்பிவிட்டிருந்தது. மின்னஞ்சலும் கைப்பேசிப் படங்களும் அதே இடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. மீண்டும் வீடு வீடாகச் சென்று 33 படங்களைப் படியெடுத்தேன். 206 முதல் 213 வரையிலான எட்டுப் படங்கள் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. அவற்றைக் கொடுத்த மூதாட்டியின் வீட்டில் கடல்நீர் புகுந்து படத்தொகுப்பு நனைந்து அழிந்துவிட்டது. "உங்ககிட்ட இருக்குன்னு நினைச்சு நிம்மதியா இருந்தேன் டீச்சர்" என்றார் அவர். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

அதன் பிறகுதான் நம் முன்னோர் செய்து வைத்த ஏற்பாடு எனக்கு விளங்கியது. சங்க இலக்கியத்தைத் தொகுத்தவர்கள் பாடல்களை எண்ணிட்டு வரிசைப்படுத்தினர். ஐங்குறுநூற்றைப் பத்துப் பத்தாகப் பகுத்தனர். ஆகவேதான் 'கிழவற்கு உரைத்த பத்தில்' எட்டுப் பாடல்களே எஞ்சியிருக்கின்றன, இறுதி இரண்டும் இல்லை என்று நம்மால் சொல்ல முடிகிறது. பரிபாடலின் கணக்கை ஒரு பழைய வெண்பா காத்து வைத்திருக்கிறது: திருமாலுக்கு 8, முருகனுக்கு 31, காடுகாளுக்கு 1, வையைக்கு 26, மதுரைக்கு 4, ஆக 70. இன்று முழுமையாகக் கிடைப்பவை 22. அவற்றுள் முருகனுக்குரியவை 8. எஞ்சிய 23 பாடல்களை நாம் இழந்தோம் என்பதை அந்த வெண்பாவைக் கொண்டே அறிகிறோம்.

அகநானூற்றின் அமைப்பு இன்னும் வியப்பளிப்பது. ஒற்றைப்படை எண் பெற்றவை பாலை; 2, 8 என முடிபவை குறிஞ்சி; 4 முல்லை; 6 மருதம்; 10, 20 எனப் பத்தால் வகுபடுபவை நெய்தல். ஓர் ஏடு இடம் மாறினால் திணையே அதனைக் காட்டிக் கொடுத்துவிடும். கோப்பு சிதையாமல் சென்றடைந்ததா என்று கணினி இன்று கணக்கிட்டுப் பார்க்கும் முறையும் இதற்கு உறவு உடையதே. டாக்டர் உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றையும், 1903இல் ஐங்குறுநூற்றையும், 1904இல் பதிற்றுப்பத்தையும், 1918இல் பரிபாடலையும் பதிப்பித்தபோது, கிடைக்காதவற்றின் இடத்தை வெற்றிடமாகவே விட்டு எண்ணை மாற்றாமல் காத்தார். எண்களை நெருக்கி எழுதியிருந்தால் இழப்பே நமக்குத் தெரியாமற் போயிருக்கும்.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2023ஆம் ஆண்டு நவம்பரில் கூகள் டிரைவ் செயலியைக் கணினியில் பயன்படுத்திய சிலருடைய கோப்புகள் காணாமற்போயின. மேகத்திற்கு இன்னும் சென்று சேராத கோப்புகளே சிக்கலுக்குள்ளாயின. அவற்றை மீட்கும் வழியைக் கூகள் பின்னர் வெளியிட்டது. கணினியில் தெரிகின்ற கோப்பு மேகத்திலும் இருக்கும் என்று நம்பிவிடலாகாது.

மலேசியப் பள்ளிகளில் 2019இல் ஃபுரோக் மெய்நிகர் கற்றல் தளம் நிறுத்தப்பட்டது. 2020இல் டெலிமா வந்தது. தளம் மாறும்போதெல்லாம் நம் பயிற்றிகளும் மாணவர் படைப்புகளும் இடம் பெயர்கின்றன. ஆகவே, நான் இப்போது கடைப்பிடிக்கும் முறையைப் பகிர்ந்துகொள்கிறேன்.

1. பதிவேற்றும் முன் கோப்புகளை எண்ணித் தாளில் எழுதுங்கள். கோப்புப் பெயரைத் தொடர் எண்ணில் தொடங்குங்கள்.

2. முடிந்ததும் தோன்றும் அறிவிப்பைப் படியுங்கள். தோல்வியுற்ற கோப்புகள் அதில்தான் தெரியும். சாளரத்தை மூடினால் அப்பட்டியல் மறைந்துவிடும்.

3. இரு பக்கத்து எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். குறைந்தால் தொடர் எண்ணில் எங்கே இடைவெளி என்று பாருங்கள். கோப்பின் அளவையும் கவனியுங்கள்.

4. தமிழ்ப் பெயர்களைச் சுருக்கமாக இடுங்கள். பல கணினி அமைப்புகளில் பெயருக்கு 255 பைட்டுகளே இடமுண்டு. யுனிகோடு தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டுகள் செலவாகின்றன. நீண்ட பெயருடைய கோப்பு மறுக்கப்படலாம்.

5. இடையிடையே சில கோப்புகளைத் திறந்து பார்த்து உறுதி செய்யும்வரை மூலத்தை அழிக்காதீர்கள். விரலியில் மற்றொரு படி இருக்கட்டும்.

என் தொகுப்பில் 205க்குப் பிறகு 214 வருகிறது. இடையிலுள்ள எட்டு எண்களையும் நான் நிரப்பவில்லை. அவ்விடத்தில் பயிற்சிப் புத்தகத்தில் எழுதியிருந்த குறிப்புகளைத் தட்டச்சுச் செய்து வைத்திருக்கிறேன். "208: பள்ளி நாடகம், பெண் வேடமிட்ட மாணவர் இருவர்." படம் இல்லை, அப்படியொரு நாடகம் நடந்தது என்பதாவது எஞ்சியிருக்கிறது.

இன்றே உங்கள் கோப்புகளை ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.