மூக் வடிகட்டியும் அதன் கணினி மறுவாக்கமும்

மூக் வடிகட்டி என்பது சிந்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவியில் ஒலியின் உயர் அதிர்வெண்களைக் குறைத்து நாதத்தின் தன்மையை மாற்றும் மின்சுற்று. அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மூக் 1960களில் இதை வடிவமைத்தார். 1990களின் நடுவிலிருந்து இது கணினி நிரலாகவும் மறுவாக்கம் பெற்று வருகிறது.

செயல்பாடு

புதுச்சேரி நேரு வீதியிலுள்ள பெரிய மார்க்கெட்டுக்குள் நிற்பவருக்கு மீன் விற்பவரின் கூவல் எழுத்துப் பிசகாமல் கேட்கும். வெளியே ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் மந்தமான இரைச்சல்தான் மிஞ்சும். சுவரும் கதவும் உயர் அதிர்வெண்களை அதிகமாகத் தடுத்து, தாழ்ந்தவற்றைக் கூடுதலாக விடுவதே காரணம். வடிகட்டியின் வேலையும் இதுவே. எந்த அதிர்வெண்ணுக்கு மேல் தடுப்பது என்பதை இசைஞர் குமிழைத் திருகி முடிவு செய்கிறார். அந்த எல்லை வெட்டு அதிர்வெண் எனப்படும்.

மூக்கின் சுற்றில் டிரான்சிஸ்டர் இணையும் மின்தேக்கியும் கொண்ட நான்கு படிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கும். வரைபடத்தில் ஏணிபோலத் தெரிவதால் ‘ஏணி வடிகட்டி’ என்ற பெயரும் உண்டு. ஒவ்வொரு படியும் ஒரு ஸ்தாயிக்கு 6 டெசிபெல் வீதம் குறைக்க, மொத்தக் குறைப்பு 24 டெசிபெல் ஆகிறது. வெளியீட்டின் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி உள்ளீட்டுக்கே பின்னூட்டமாகத் திருப்பினால், வெட்டு அதிர்வெண்ணை ஒட்டிய ஒலி கூர்மையாக எழும், இதுவே ரெசொனன்ஸ். அதை மேலும் கூட்டினால் வடிகட்டி தானாகவே ஒலிக்கத் தொடங்கும். டிரான்சிஸ்டர்கள் வலுவான சமிக்ஞையின் முகடுகளை மழுக்கிவிடும். கணக்குப்படி இது குறைதான். ஆனால் இந்தச் சுற்றின் செழுமையான நாதத்துக்கு இந்த மழுங்கல் முக்கியக் காரணம்.

இந்தியாவில்

மூக் இந்த வடிகட்டிக்கு 1966-ல் விண்ணப்பித்த காப்புரிமை 1969 அக்டோபரில் கிடைத்தது. அதே ஆண்டு அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து, மூக் சிந்தசைசர் கொண்ட ஒலிக்கூடத்தை அமைத்தார். கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் 1972 வரை அங்கே படைத்தவை காந்த நாடாக்களில் பதிவாயின. நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்த அவற்றை இசைக்கலைஞர் பால் பர்காஸ் தேடி எடுத்தார். 2023-ல் அவை இசைத்தொகுப்பாக வெளிவந்தன.

மும்பை இசைஞர் சரண்ஜித் சிங் 1982-ல் ‘டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ தொகுப்பில் ரோலண்டு டிபி-303 கருவியைப் பயன்படுத்தினார். அதன் வடிகட்டியும் ஏணி அமைப்பே. அதில் டிரான்சிஸ்டர்கள் டையோடுகளாக இணைக்கப்பட்டிருக்கும்.

மறுவாக்கத்தின் வரலாறு

மேக்ஸ் மேத்யூஸ் 1957-ல் பெல் ஆய்வகத்தில் எழுதிய ‘மியூசிக்’ நிரலிலிருந்து கணினி இசைமொழிகள் கிளைத்தன. பேரி வெர்கோவின் சிசவுண்டு 1986-லும், மில்லர் பக்கெட்டின் பியூர் டேட்டா, ஜேம்ஸ் மெக்கார்ட்னியின் சூப்பர்கொலைடர் ஆகியவை 1996-லும் வந்தன.

இத்தகைய மொழிகளில் ஏணி வடிகட்டியை நிரலாக்குவதில் பெரிய சிக்கல் பின்னூட்டத்தில் இருந்தது. மின்சுற்றில் வெளியீடு உடனே உள்ளீட்டைச் சேர்கிறது. கணினியோ ஒலியைத் தனித்தனி அளவீடுகளாக, அதாவது மாதிரிகளாகக் கையாள்வதால், ஒரு மாதிரியைக் கணக்கிட்டு முடித்த பிறகே அதைத் திருப்ப முடியும். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்றால் இந்தத் தாமதம் சுமார் 23 மைக்ரோநொடி. வெட்டு அதிர்வெண் ஏற ஏற, இத்தனை சிறிய தாமதமே சுருதியைப் பிசக வைக்கும். ரெசொனன்ஸின் அளவையும் மாற்றிவிடும்.

ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த டிம் ஸ்டில்சனும் ஜூலியஸ் ஸ்மித்தும் 1996-ல் இதை ஆராய்ந்து தீர்வுகளை முன்வைத்தனர். 2004-ல் ஆன்டி ஹுவோவிலைனன் டிரான்சிஸ்டரின் மழுங்கலை ஒவ்வொரு படியின் கணக்கிலும் சேர்த்தார். அரை மாதிரித் தாமதத்தைக் கூட்டிச் சுருதிப் பிசகையும் பெருமளவு சரிசெய்தார். பிழை என்று ஒதுக்கத்தக்க ஒன்றைக் கணக்குக்குள் கொண்டுவந்ததே அவருடைய மறுவாக்கத்தின் சிறப்பு.

இன்று

சிசவுண்டு, பியூர் டேட்டா, சூப்பர்கொலைடர் மூன்றுமே இலவசமானவை, மூலநிரலும் திறந்திருக்கிறது. சிசவுண்டில் ஸ்டில்சன்–ஸ்மித் ஆய்வைத் தழுவிய ‘மூக்விசிஎஃப்’, ஹுவோவிலைனன் முறையிலான ‘மூக்லேடர்’ என இரண்டும் உள்ளன. கற்பவர் ஒரே ஒலியை இரண்டிலும் செலுத்தி, ரெசொனன்ஸைக் கூட்டி ஒப்பிட்டுக் கேட்பதே இத்துறையின் நல்ல முதற்பாடம்.