படித்தது செல்லுமா?

அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் மூன்றாம் வருஷம் படிக்கும் பெண், ஒரு செமஸ்டர் பாரிசுக்குப் போய்ப் படிக்க ஆசைப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். விசா, விமான டிக்கெட் எல்லாம் பிறகு. முதலில் ஒரு படிவம். அங்கே எடுக்கப்போகும் பாடத்தின் பெயர், அதன் சிலபஸ், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடாக அதை வைக்கப்போகிறாள், எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் அந்தந்தத் துறையின் கையெழுத்து. போன இடத்தில் அந்தப் பாடம் நடக்கவில்லையென்றால் மாற்றுப் பாடத்துக்கு மறுபடியும் அனுமதி. இதையெல்லாம் செய்யாமல் போய்விட்டுத் திரும்பி வந்து நின்றால், “நீ படிச்சதெல்லாம் சரிதாம்மா, ஆனா எங்க கணக்குல வராதே” என்று சொல்லிவிடலாம்.

ஆக, ஒருவர் படிக்கப்போவது நல்ல காசா செல்லாக்காசா என்பது அவர் படிப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. கல்வித்தரம் பற்றிய கவலையில் பிறந்த ஏற்பாடு இது என்றுதான் யாருக்கும் தோன்றும். வேரைத் தோண்டிப் பார்த்தால் கிடைப்பது ஒரு பென்ஷன் திட்டம்.

சிக்கல் என்னவோ பழையதுதான். 1233இல் போப் ஒன்பதாம் கிரகோரி, துலூஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர் வேறெங்கும் மறு தேர்வு இல்லாமல் பாடம் நடத்தலாம் என்று சாசனம் கொடுத்தார். காகிதத்தில் அழகான உரிமை. நடைமுறையில் ஒரு ஊர்ப் பட்டத்தை அடுத்த ஊர் ஆசிரியர்கள் அவ்வளவு சுலபமாக மதித்துவிடவில்லை. ஆனால் அப்போதெல்லாம் சண்டை முழுப் பட்டத்தைப் பற்றியது. பட்டத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, இந்தத் துண்டு அங்கே, அந்தத் துண்டு இங்கே என்று வாங்கலாம் என்ற எண்ணமே யாருக்கும் வந்திருக்காது.

அந்த நறுக்கும் வேலை அமெரிக்காவில் நடந்தது. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை அங்கே கல்லூரி என்றால் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே பாடம்: லத்தீன், கிரேக்கம், கணிதம். ஒரு வகுப்பே மொத்தமாக நாலு வருஷம் நகர்ந்து போகும். யார் எவ்வளவு முடித்தார்கள் என்று எண்ண வேண்டிய அவசியமே இல்லை. 1869இல் ஹார்வர்டின் தலைவரான சார்லஸ் எலியட், மாணவர்களே பாடங்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற முறையை நாற்பது வருஷம் பிடிவாதமாக விரிவாக்கினார். ஆளுக்கொரு பாடம் என்று ஆனதும் எண்ணியே ஆகவேண்டும் என்றாகிவிட்டது.

எண்ணுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமே. 1905இல் ஆண்ட்ரு கார்னெகி கல்லூரி ஆசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக ஒரு கோடி டாலர் கொடுத்தார். அந்தப் பணம் யாருக்குப் போகலாம் என்று முடிவு செய்ய, எது ‘கல்லூரி’ என்று முதலில் வரையறுக்க வேண்டியிருந்தது. பள்ளியில் 14 ‘யூனிட்’ முடித்தவர்களைச் சேர்த்தால்தான் கல்லூரி என்றது கார்னெகி அறக்கட்டளை. ஒரு யூனிட் என்றால் ஒரு பாடத்தில் ஒரு வருஷத்தில் ஏறக்குறைய 120 மணி நேரம். இலவசமாக வரும் பென்ஷனை யார் விடுவார்கள்? கல்லூரிகள் மளமளவென்று மாறின. அடுத்து 1910இல் மாரிஸ் குக் என்ற பொறியாளர், அதே அறக்கட்டளைக்காகப் பல்கலைக்கழகங்களை ஆலையை ஆராய்வதுபோல ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுதினார். ஒரு மாணவர், ஒரு மணி நேரம் என்பதை அடிப்படை அளவாக வைத்துச் செலவையும் உழைப்பையும் கணக்கிடலாம் என்பது அவருடைய யோசனை. வாரம் ஒரு மணி நேர வகுப்பு, ஒரு செமஸ்டர் முழுக்க, இதுதான் ஒரு கிரெடிட் என்ற வழக்கம் நிலைத்தது. பட்டத்துக்குச் சுமார் 120.

இந்த மணிக்கணக்கோடுதான் ரேமண்ட் கர்க்பிரைட் பிரான்சின் மீது மோதினார். டெலவேர் பல்கலைக்கழகத்தில் மொழி ஆசிரியர். முதல் உலகப் போரில் பணியாற்றியவர். மூன்றாம் வருஷ மாணவர்களை ஒரு முழு ஆண்டு பிரான்சில் படிக்கவைத்து, அதை டெலவேர் பட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம் என்றார். பல்கலைக்கழகம் காசு தரவில்லை. தலைவர் வால்டர் ஹலிஹென் மட்டும் கூட நின்றார். இருவரும் வெளியே ஆதரவு தேடினார்கள். தொழிலதிபர் பியர் டுபாண்ட், அப்போது வர்த்தகச் செயலராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் போன்றவர்களின் ஆதரவு கிடைத்தது. கலை, பண்பாடு என்று மட்டும் பேசியிருந்தால் வர்த்தகச் செயலர் காது கொடுத்திருப்பாரா என்பது சந்தேகம். வெளிநாட்டு வணிகத்துக்கு மொழி தெரிந்த ஆட்கள் வேண்டும் என்ற பேச்சுதான் அங்கே எடுபட்டது.

1923 ஜூலை 7 அன்று எட்டு மாணவர்கள் கர்க்பிரைடுடன் நியூயார்க்கிலிருந்து ‘ரோஷம்போ’ கப்பலில் ஏறினார்கள். கோடைக்கு நான்சி நகரில் பிரெஞ்சுப் பயிற்சி, பிறகு பாரிசில் சார்போன். தங்கியது பிரெஞ்சுக் குடும்பங்களின் வீடுகளில்.

சார்போனில்தான் இடித்தது. அங்கே கிரெடிட் என்ற சங்கதியே கிடையாது. பேராசிரியர் வருவார், பெரிய அரங்கத்தில் பேசுவார், போய்விடுவார். யார் வந்தார்கள் என்று அவருக்குக் கவலையில்லை. வாரப் பரீட்சை, வீட்டுப்பாடம் எதுவும் இல்லை. வருஷக் கடைசியில் ஒரு பெரிய தேர்வு, தேறினால் சான்றிதழ். அப்படிச் சில சான்றிதழ்கள் சேர்ந்தால் பட்டம். ஒரு பிரெஞ்சு மாணவனிடம், “இந்தப் பாடம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அதுக்கு எத்தனை கிரெடிட்?” என்று கேட்டால் முழிப்பான். இந்தப் பக்கம் டெலவேரின் பதிவாளருக்கோ அந்த எண்ணைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

கர்க்பிரைட் கண்ட வழி கெட்டிக்காரத்தனமானது. பாரிசுக்கு உள்ளேயே ஒரு குட்டி அமெரிக்கக் கல்லூரியை அமைத்துவிட்டார். விரிவுரை சார்போனில். பிறகு அதே விரிவுரையைச் சிறு குழுவாக உட்கார்ந்து மீண்டும் அலச, சம்பளத்துக்கு அமர்த்திய பிரெஞ்சுத் துணை ஆசிரியர்கள். அவர்கள் பயிற்சி கொடுப்பார்கள், தேர்வு வைப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே கூடவே இருந்து பொறுப்பேற்கும் ஓர் அமெரிக்கப் பேராசிரியர். அவர் அனுப்பும் மதிப்பெண்ணை ஊரிலுள்ள கல்லூரி மறுக்க முடியாது. அது அவர்களுக்குப் புரிந்த பாஷையில் இருந்தது. மூன்றாம் ஆண்டைத் தேர்ந்தெடுத்ததும் இதே கணக்குதான். முதலிரண்டு வருஷத்தில் கட்டாயப் பாடங்களும் மொழியும் முடிந்துவிடும். திரும்பி வந்தபின் ஏதாவது குறைந்தால் ஈடுகட்ட நாலாம் வருஷம் கையில் இருக்கும்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது என்று நினைக்கிறேன். சார்போனின் தனித்தன்மையே அந்தக் கட்டில்லாத சுதந்திரம்தான். வேலி போட்டு மணிக்கணக்குக்குள் அடைத்த பிறகு மிஞ்சியது எவ்வளவு சார்போன்? ஆனால் அந்த வேலி இல்லாவிட்டால் எட்டுப் பேருக்கும் ஒரு வருஷம் போயிருக்கும். அவர்களிடம் கேட்டிருந்தால் வேலிக்குத்தான் ஓட்டுப் போட்டிருப்பார்கள்.

திட்டம் பரவியது. 1925இல் ஸ்மித் பெண்கள் கல்லூரி தன் மாணவியரைப் பாரிசுக்கு அனுப்பியது. டெலவேர் பிற கல்லூரி மாணவர்களையும் அழைத்துப்போய், அவர்கள் மதிப்பெண்களை அந்தந்தக் கல்லூரிக்கு எழுதி அனுப்பியது. பாதி வேலை இப்படி உத்தரவாதம் கொடுப்பதாகவே ஆயிற்று. 1949இல் வாசர் கல்லூரி மாணவி ஜாக்குலின் பூவியே (பின்னாளில் ஜாக்குலின் கென்னடி) பாரிசுக்குப் போனதும் ஸ்மித் கல்லூரியின் திட்டத்தில் சேர்ந்துதான். டெலவேரின் சொந்தத் திட்டத்தைப் போர் முறித்தது. 1948இல் ஸ்வீட் பிரையர் கல்லூரி பிரான்ஸ் வேலையைக் கையிலெடுத்தது.

இப்படி உத்தரவாதம் கொடுக்க ஆளில்லாமல் போனவர்களுக்கு என்ன ஆகும்? இத்தாலியின் சோஃபியா கொர்ராடி நல்ல உதாரணம். ரோமில் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர், ஃபுல்பிரைட் உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் போய் ஒப்பீட்டுச் சட்டத்தில் முதுகலை முடித்துவிட்டு 1958இல் திரும்பினார். அங்கே எழுதிய தேர்வுகளை இங்கே கணக்கில் சேர்த்தால் ரோம் பட்டமும் கிடைத்துவிடும். பல்கலைக்கழக அலுவலகத்தில் கேட்டார். மறுத்ததோடு விடவில்லை, மற்றவர்கள் முன்னால் வைத்து ஏளனமும் செய்தார்கள்: ஊர் சுற்றியது போதும், போய்ப் படிக்கிற வழியைப் பாரு என்ற தோரணையில். கொலம்பியாவின் முதுகலைப் பட்டம் கையில் இருக்க, இளநிலைத் தேர்வுகளை உட்கார்ந்து எழுதினார். ஒரு வருஷம் போயிற்று.

அந்த அவமானத்தை அவர் மறக்கவில்லை. இத்தாலியப் பல்கலைக்கழகத் தலைவர்களின் கூட்டமைப்புக்கு ஆலோசகராக வந்தபோது, 1969இல், வெளிநாட்டில் படித்ததை அங்கீகரிக்கக் கோரி ஒரு குறிப்பு எழுதிச் சுற்றுக்கு விட்டார். அவர் கேட்டதில் முக்கியமான அம்சம்: மாணவர் எந்தப் பாடங்களைப் படிக்கப்போகிறார் என்று புறப்படும் முன்பே சொந்தப் பல்கலைக்கழகம் ஒப்புதல் தரட்டும், திரும்பி வந்தபின் பேச்சு மாறக்கூடாது. அதாவது, இன்றைய மாணவர்கள் அலுத்துக்கொள்ளும் முன் அனுமதிப் படிவம், கொர்ராடிக்கு மாணவரைக் காக்கும் ஆயுதம். ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து, 1987இல், ஐரோப்பாவின் எராஸ்மஸ் திட்டம் 11 நாடுகளின் 3,244 மாணவர்களோடு தொடங்கியது.

1989இல் ஐரோப்பா தனக்கென ஒரு கிரெடிட் முறையை ஐந்து துறைகளில் சோதித்துப் பார்த்தது. வரலாறும் அவற்றில் ஒன்று. ஒரு முழு ஆண்டுக்கு 60 கிரெடிட். அமெரிக்கக் கணக்கிலிருந்து ஒரு நல்ல வித்தியாசம் உண்டு: ஆசிரியர் வகுப்பில் நின்ற நேரத்தோடு, மாணவர் நூலகத்திலும் அறையிலும் உழைக்கும் நேரமும் சேர்த்தி. கூடவே ஓர் ஒப்பந்தத் தாள். அதில் மாணவர், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் மூவரும் கையெழுத்திட வேண்டும். அதிலுள்ள பாடங்களில் தேறிவிட்டால், ஊரிலுள்ள பேராசிரியர் “எங்க சிலபஸ்ல அஞ்சாவது பாடம் இதுல இல்லையே” என்று பிறகு கிளப்ப முடியாது. கிளப்புகிறவர்கள் இன்றும் உண்டு என்பது வேறு விஷயம்.

இந்தியாவில் 2021இல் கிரெடிட் வங்கி என்ற ஏற்பாடே வந்துவிட்டது. 2022இன் யுஜிசி விதிப்படி, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்தும் ‘ட்வின்னிங்’ படிப்பில் அங்கே பெறும் கிரெடிட் மொத்தத்தில் 30 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. இதற்கும் முதலில் வேண்டியது இரண்டு கல்வி நிறுவனங்களுக்கிடையிலான ஒப்பந்தம். அது இல்லாத கல்லூரியின் மாணவர் தானாக ஓர் இடம் தேடிக்கொண்டு போனால், திரும்பி வந்து சிலபஸ் கட்டோடு துறைத் தலைவர் அறை வாசலில்தான் நிற்கவேண்டும்.