கரிசல் மண்ணும் பசும்புல் தரையும்

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே திருச்சுழி நோக்கிச் செல்வோர் சித்திரையில் காணும் நிலம் ஒன்று. ஐப்பசி மழைக்குப் பின் காணும் நிலம் வேறொன்று. சித்திரையில் கண்மாய்க் கரைகள் காய்ந்த பனையோலையின் நிறங்கொண்டு கிடக்கும். மழை விழுந்த சில நாள்களில் அதே கரைகளில் பசுமை படரும். அதனை விதைத்தவர் எவருமிலர். நீர் பாய்ச்சியவரும் இலர். அப்பசுமையின் பெயர் அறுகு. வெப்ப நாடுகளின் மாளிகை முற்றங்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் பெரும்பொருள் செலவிட்டு வளர்க்கப்படும் புல்தரைகளுக்கு முதலாக நிற்பதும் இதே புல்லே. ஒரே புல்லை இருவகை மக்கள் இருவகையாகப் பேணிய வரலாறு, வறண்ட நிலத்தில் வாழ்வோர் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்றாகும்.

தறியிலிருந்து தரைக்கு

வீட்டின் முன் புல்லை ஒட்டக் கத்தரித்து ஆண்டு முழுதும் பசுமையாகக் காக்கும் வழக்கம் இங்கிலாந்தில் வளர்ந்தது. அங்கு வெயில் மென்மையானது. மழை ஏறக்குறைய எல்லா மாதங்களிலும் பெய்வது. அந்நாட்டில் புல்தரையை வளர்த்தது வானமே. மனிதன் செய்ய வேண்டியிருந்தது வெட்டும் வேலை மட்டுமே. அதனைத் தொடக்கத்தில் ஆடுகளும் அரிவாள் பிடித்த கூலியாள்களும் செய்தனர். 1830இல் எட்வின் பட்டிங் என்பவர் புல்வெட்டும் பொறியைக் கண்டார். அவருடைய ஊர், கம்பளித் துணி ஆலைகள் நிறைந்த ஸ்ட்ரௌட் பகுதியைச் சேர்ந்தது. நெய்த துணியின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீராகக் கத்தரிக்கும் ஆலைப்பொறியைக் கண்டே அவருக்கு இவ்வெண்ணம் தோன்றியதென்பர். நெசவால் பெயர்பெற்ற அருப்புக்கோட்டையார் இதனை எண்ணி மகிழலாம்: புல்லைத் துணியாகக் கண்ட கண்ணே புல்தரையைப் பெருக்கியது.

ஆங்கிலேயர் இந்நாட்டிற்கு வந்தபோது அந்த ஆசையையும் உடன் கொணர்ந்தனர். சென்னையில் 1835இல் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியது. 1846இல் கிரிக்கெட் கழகம் தோன்றியது. ஆனால் குளிர்நாட்டுப் புல் சமவெளியின் கோடையைத் தாங்கும் இயல்புடையதன்று. ஆகவே துரைமார் பங்களாக்களின் புல்தரைக்கு வரப்பில் கிடந்த அறுகே அழைக்கப்பட்டது.

அறிவியலார் அதற்கு முன்னரே அறுகை அறிந்திருந்தனர். 1753இல் லின்னேயஸ் அதனை வகைப்படுத்தினார். 1805இல் பெர்சூன் அதற்கு நாய்ப்பல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் இன்றுள்ள பெயரை இட்டார். சோழமண்டலக் கரையில் பல்லாண்டு பணியாற்றிய தாவர அறிஞர் வில்லியம் ராக்ஸ்பரோ, கால்நடைக்கு இப்புல்லால் விளையும் பயனை உயர்வாக மதித்தெழுதினார்.

அறுகை நடும் முறையும் இம்மண்ணுக்குரியதாகவே அமைந்தது. கொடியை வேரோடு பறித்துக் கணுக்கணுவாக நறுக்கி ஊன்றுவது ஒருமுறை. நறுக்கிய துண்டுகளை மண்ணும் சாணமும் நீரும் கூட்டிக் குழைத்து, நனைத்த நிலத்தின்மேல் பூசுவது மற்றொரு முறை. திண்ணை மெழுகிய கைகளுக்கு இதனைக் கற்பிக்க வேண்டியிருந்திராது.

இதே புல் துரைமாரின் குதிரைகளுக்கும் தீனியாயிற்று. குதிரைக்காரருடன் புல்லறுப்பார் ஒருவரும் வேலைக்கமர்த்தப்படுவது அக்கால வழக்கம். பெண்கள் பலர் இத்தொழில் செய்தனர். சாலையோரத்திலும் வரப்பிலும் அறுகைச் சிறு கொத்தால் வேரோடு செதுக்கி, மண் போக்கிக் கட்டுக்கட்டாகச் சுமந்து வந்தனர். முற்றத்தில் மிதிக்கக்கூடாத செல்வமாயிருந்த புல், அதே வீட்டுக் கொல்லைக்குத் தலைச்சுமையாக வந்து சேர்ந்தது.

நீரின் கணக்கு

அறுகு வெயிலுக்கு அஞ்சாததன் காரணம் 1966இல் ஹாட்ச், ஸ்லாக் என்னும் அறிஞர் இருவர் கரும்பில் செய்த ஆய்வால் துலங்கியது. கரும்பு, சோளம், அறுகு முதலியன காற்றிலுள்ள கரியமிலவாயுவைச் செறிவாக்கிப் பயன்கொள்ளும் தனிவழியைப் பெற்றவை. ஆதலால் குளிர்நாட்டுப் புல்லினும் குறைந்த நீரில் கூடுதலாக வளர்கின்றன. மேலும் அறுகு தரைமேல் ஓடும் கொடியாலும் மண்ணுக்குள் ஓடும் தண்டாலும் பரவுவது. மேற்பகுதி முற்றும் காய்ந்தாலும் மண்ணுக்குள் உயிர் ஒடுங்கியிருக்கும்.

அவ்வாறாயின் புல்தரைக்குத் தடை யாது? அறுகு உயிர் பிழைக்க வேண்டும் நீர் சிறிதே. அது ஆண்டு முழுதும் பசுமையாய்த் தோன்ற வேண்டும் நீரோ பெரிது. கோடையில் பசும்புல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் உயர நீரைக் காற்றுக்குக் கொடுக்கும். இரண்டரை சென்ட் அளவுள்ள, அதாவது 100 சதுர மீட்டர்ப் புல்தரைக்கு அது நாளும் 500 லிட்டர்; 15 லிட்டர்க் குடத்தால் அளந்தால் 33 குடம். இப்பகுதியில் ஆண்டு முழுதும் பெய்யும் மழையோ சுமார் 800 மில்லிமீட்டர். அதிலும் ஏறக்குறையப் பாதி ஐப்பசியை ஒட்டிய மூன்று மாதங்களில் பெய்து முடிவது. எஞ்சிய மாதங்களின் பசுமையைக் கிணறுதான் தரவேண்டும். கமலை இறைத்த காலத்தில் இச்செலவு மாட்டின் உழைப்பாகவும் ஆளின் வியர்வையாகவும் கண்முன் நின்றது. மின்விசை வந்தபின் அது கண்ணுக்கு மறைந்தது. குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்த தெருக்களுக்குத்தான் 33 குடத்தின் பொருள் விளங்கும்.

கரிசலார் கண்ட வழி

கரிசல் உழவர்க்கு அறுகு இருமுகங் கொண்டது. பருத்திக் காட்டிற்குள் அது கோரையோடு சேர்த்து எண்ணப்படும் கொடும்பகை. ஆழ வெட்டி, கணுவொன்றும் எஞ்சாமல் பொறுக்கியெறிய வேண்டியது. வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் அதுவே காவல். வேரால் மண்ணைப் பின்னி மழைநீர் கரையை அரிக்காமல் காப்பது. மணமக்களை வாழ்த்துகையில் ஆலையும் மூங்கிலையும் சொல்லுமிடத்தில் அறுகையும் சேர்த்துச் சொன்னவர்கள், மஞ்சள் பிள்ளையார்க்கு அதனையே சூட்டியவர்கள், அது நிற்கவேண்டிய இடத்தையும் நிற்கக்கூடாத இடத்தையும் அறிந்தே வைத்திருந்தனர்.

ஊர்ப் பொதுவில் மேய்ச்சலுக்கென விடப்பட்ட நிலம் வருவாய்த்துறைக் கணக்கில் மேய்க்கால் புறம்போக்கு எனப் பதிவாயிற்று. அதற்கு நீர் பாய்ச்சியவர் இல்லை. அதன் புல்வெட்டும் பொறி ஆடே. கோடையில் புல் காயும் முன்னரே கீதாரிகள் கிடைகளை ஓட்டிக்கொண்டு அறுவடை முடிந்த தஞ்சை வயல்களுக்குச் சென்றனர். மந்தை வெளியேறிய மாதங்களே புல்லுக்கு ஓய்வு மாதங்களாயின.

தமிழகத்தின் மற்றொரு வறண்ட பகுதியான காங்கேயத்திலும் இவ்வறிவைக் காணலாம். அங்குள்ள கொறங்காடு என்பது கிளுவை வேலியிட்டு, வெள்வேல மரங்களிடையே கொழுக்கட்டைப் புல் வளரவிட்ட மேய்ச்சல் நிலம். ஒரு காட்டில் புல் தேய்ந்ததும் மாடுகளை அடுத்ததற்கு மாற்றுவர். நீரின்றிப் புல்லைக் காக்கும் கலை இதுவே: வெட்டுவதற்கு ஒரு காலம், விட்டுவைப்பதற்கு ஒரு காலம்.

இழப்பும் மீட்பும்

இக்கரைகளின் அறுகைக் கோடை அழிக்கவில்லை, நிழல் அழித்தது. நாடு விடுதலை பெற்றபின் விறகுக்கெனப் பரப்பப்பட்ட சீமைக்கருவேலம் பழைய இராமநாதபுரம் மாவட்டமெங்கும் கண்மாயையும் மேய்க்காலையும் மூடியது. கரிமூட்டம் போட்டுப் பிழைத்த ஏழைகளுக்கு அது சோறிட்டது என்பதை மறுத்தல் ஆகாது. ஆயினும் அறுகு வெயில் விரும்பும் புல், அடர்நிழலில் நில்லாது. எத்தனையோ வறட்சிகளில் காய்ந்து மீண்ட புல், தன்மேல் முள்ளடர்ந்த பின் மீளவில்லை. 2016இன் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 சனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சியுற்றனவாக அறிவிக்கப்பட்டன. அதே ஆண்டில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற ஆணையிட்டது. முள் நீங்கிய கரைகளில் மீண்டும் அறுகு வேர்கொள்ளுமாயின், அதுவே கரைக்கும் மந்தைக்கும் மீட்பாகும்.

அயலாரும் இப்போது கணக்கை மாற்றி எழுதுகின்றனர். 2016 ஏப்ரலில் மராட்டிய வறட்சியின்போது, மைதானங்களுக்கு நீர் செலவாவதைக் கருதி மும்பை உயர்நீதிமன்றம் அம்மாத முடிவுக்குப் பிந்தைய ஐ.பி.எல். ஆட்டங்களை மாநிலத்திற்கு வெளியே மாற்றச் செய்தது. அமெரிக்காவில் பாலைநகரமான லாஸ் வேகஸில் பொது இடங்களின் வெறும் அழகுப் புல்லுக்குக் கொலராடோ ஆற்றுநீர் பாய்ச்சுவதை, 2026 முடிவுக்குப் பின் தடுக்கும் சட்டம் 2021இல் இயற்றப்பட்டது.

பள்ளி முற்றத்திலோ பொது மன்றத்திலோ புல் வேண்டுவோர் இந்நிலத்தில் அதனை விட்டுவிட வேண்டியதில்லை. ஐப்பசியில் அறுகை ஊன்றி, கோரையைக் களைந்து, கைகால் கழுவிய நீரை வேர்க்குக் காட்டி, பங்குனியில் அது நிறம் மாறும்போது அவ்வாறே விட்டுவிடுதல் போதும். மரத்தைப் பட்டுப்போயிற்று என்று சொல்லும் இவ்வூரார், கோடை அறுகைக் காய்ந்து கிடக்கிறது என்றே சொல்வர். கிடப்பது மீண்டும் எழும். இதனை அறிந்த கண்ணுக்குச் சித்திரை மாதக் கண்மாய்க் கரையும் உயிருள்ள புல்தரையாகவே தோன்றும்.