அபினிப் பழக்கத்துக்கு அக்குபஞ்சர் மருத்துவம்

அபினி, ஹெராயின், மார்ஃபின் முதலிய அபினி வகைப் பொருள்களுக்கு அடிமையானவர்களுக்கு, உடலின் குறிப்பிட்ட புள்ளிகளில், பெரும்பாலும் புறச்செவியில், மெல்லிய ஊசிகளைச் செருகி அளிக்கப்படும் மருத்துவம் இது. சீனாவின் ஊசி மருத்துவம் தொன்மையானது எனினும், அதைப் போதைப் பழக்கத்துக்குப் பயன்படுத்தும் இம்முறைக்கு அரை நூற்றாண்டு வரலாறே உண்டு. பழஞ்சீன மருத்துவ நூல்களிலிருந்து வழிவழியாக வந்தது என்று இதைக் கருதுவது சரியன்று. செவியின் ஒவ்வொரு பகுதியும் உடலின் ஓர் உறுப்போடு தொடர்புடையது என்னும் வரைபடத்தை 1950களில் விரிவாக வகுத்தவரும் பிரான்சின் லியோன் நகர மருத்துவர் பால் நோஜியே ஆவார்.

1972 இல் ஹாங்காங்கின் குவாங் வா மருத்துவமனையில் நரம்பியல் அறுவை மருத்துவராக இருந்த எச். எல். வென், அறுவையின் வலியைத் தணிக்க ஊசிகளில் மின்னோட்டம் செலுத்தும் முறையை ஆராய்ந்து வந்தார். அபினிப் பழக்கம் உள்ள நோயாளி ஒருவருக்கு அறுவைக்கு முன் இவ்வாறு ஊசி செருகி மின்தூண்டல் அளித்தபோது, வலி குறைந்ததோடு, அபினி கிடைக்காததால் அவருக்கு உண்டாகியிருந்த உடல் வேதனையும் தணிந்ததை வென் கண்டார். பழகிய பொருளைத் திடீரென நிறுத்தும்போது மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிதல், தசைவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை, அடங்காத பரபரப்பு ஆகியவை தோன்றும். மருத்துவர்கள் இவற்றை விலகல் அறிகுறிகள் என்பர். வென் தம் உடன்பணியாளர் சியூங்குடன் சேர்ந்து 40 பேருக்கு இம்முறையில் மருத்துவம் செய்து, அதன் பயனை 1973 இல் வெளியிட்டார். ஊசி பெறாத ஒரு குழுவோடு ஒப்பிடாமல் செய்யப்பட்ட அந்த ஆய்வு மெய்ப்பிப்பாகாது. எனினும் அபினியால் நெடுங்காலம் துன்புற்ற ஒரு துறைமுக நகரில் அது பெரும் நம்பிக்கையைத் தோற்றுவித்தது.

அந்த நம்பிக்கையை இயக்கமாக வளர்த்தது நியூயார்க் நகரின் தென் பிராங்க்ஸ் பகுதி. ஹெராயின் சூறையாடிய அவ்வறிய வட்டாரத்தில், புவேர்ட்டோ ரிக்க இளைஞர்களின் யங் லார்ட்ஸ் அமைப்பினர் 1970 இல் லிங்கன் மருத்துவமனையைக் கைப்பற்றிப் போராடினர். அவ்வாண்டிலேயே அங்கு மக்களே முன்னின்று நடத்திய போதை நீக்க நிலையம் ஒன்று தோன்றியது. ஹெராயினுக்கு மாற்றாக வழங்கப்பட்ட மெத்தடோனும் ஓர் அடிமைத்தளையே என்று கருதிய அந்நிலையத்தார், 1970களின் நடுப்பகுதியில் ஊசி மருத்துவத்தின்பால் திரும்பினர். முட்டுலு ஷக்கூர் முதலிய செயற்பாட்டாளர்கள் அதைக் கற்றுப் பிறருக்கும் கற்பித்தனர். 1978 இல் நகர நிர்வாகம் பழைய குழுவினரை வெளியேற்றியபின், மனநல மருத்துவர் மைக்கேல் ஸ்மித் இப்பணியைத் தொடர்ந்தார்; 1985 இல் இதற்கெனத் தேசியச் சங்கம் ஒன்றும் அமைந்தது. ஷென்மென், பரிவு நரம்பு, சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் எனப் பெயரிட்ட ஐந்து புள்ளிகளில், ஒவ்வொரு காதிலும் ஐந்து ஊசிகளைச் செருகிக்கொண்டு, பலர் ஒரே அறையில் நாற்காலிகளில் அரைமணி முதல் முக்கால் மணி நேரம்வரை பேசாமல் அமர்ந்திருப்பதே அங்கு உருவான முறை. மின்னோட்டம் கைவிடப்பட்டது. செலவு குறைவாகவும், வந்தவரிடம் வாக்குமூலம் கேளாததாகவும் இருந்தமையே இது பல நாடுகளுக்குப் பரவியதற்கு முதன்மைக் காரணம் எனலாம்.

ஊசி எவ்வாறு செயற்படக்கூடும் என்னும் கேள்விக்கு 1970களின் நரம்பியல் ஒரு விடைக்கு வழிகாட்டியது. மூளையில் அபினி வகைப் பொருள்கள் பற்றும் ஏற்பிகள் 1973 இல் உறுதிப்பட்டன; உடலே சுரக்கும் அபினி போன்ற பொருளான என்கெஃபலின் 1975 இல் கண்டறியப்பட்டது. அபினியின் செயலைத் தடுக்கும் நாலாக்சோன் என்னும் மருந்து ஊசியால் விளையும் வலித்தணிப்பையும் தடுக்கிறது என அடுத்து வந்த ஆய்வுகள் காட்டின. பெய்ஜிங்கில் ஆய்வாளர் ஹான் ஜிஷெங், ஊசி வழியாக மின்னோட்டத்தால் நொடிக்கு 2 முறை தூண்டினால் என்கெஃபலினும் அதைப் போன்ற எண்டார்பினும், 100 முறை தூண்டினால் அவ்வகையின் மற்றொரு பொருளான டைனார்பினும் சுரப்பதாக விளக்கினார். இவ்விளக்கம் மின்தூண்டலுக்கே பொருந்துவது என்பதையும், மின்னோட்டமில்லாத செவியூசி முறைக்கு அதை அப்படியே ஏற்றிச் சொல்ல இயலாது என்பதையும் இங்கு வலியுறுத்த வேண்டும்.

மருத்துவச் சோதனைகள் ஒருமுகமான முடிவைத் தரவில்லை. புள்ளியல்லாத இடத்தில் ஊசி செருகும் போலிக் குத்தலும் நரம்பைத் தூண்டுவதால், ஒப்பீடே கடினமாகிறது. செவியூசி கோக்கைன் பழக்கத்துக்குப் பயன்படுமா என ஆராய்ந்து, 620 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2002 இல் வெளியான அமெரிக்கச் சோதனையில், அது போலிக் குத்தலைவிடவோ தளர்வுப் பயிற்சியைவிடவோ மேம்பட்டதாக இல்லை. அபினி வகையைப் பொறுத்தவரை, சீனாவில் மெத்தடோன் பெற்றுவந்த 118 பேரிடம் நடத்தப்பட்டு 2024 இல் வெளியான சோதனை குறிப்பிடத்தக்கது: எட்டு வார முடிவில் மெத்தடோன் அளவை ஐந்தில் ஒரு பங்காவது குறைக்க முடிந்தவர்கள், ஊசி பெற்றோரில் 62 விழுக்காடு, போலிக் குத்தல் பெற்றோரில் 29 விழுக்காடு. இது மெத்தடோனை நீக்கிவிட்டுச் செய்த சோதனையன்று, அதனுடன் சேர்த்துச் செய்தது.

அபினி வகைப் பழக்கத்துக்கு மருந்துகளாக வழங்கப்படும் மெத்தடோனும் புப்ரெனார்பினும் உயிரிழப்பைக் குறைப்பவை என்பது பல நாட்டு ஆய்வுகளில் நிறுவப்பட்டுள்ளது. 2005 முதல் உலக நலவாழ்வு அமைப்பின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் அவை இடம்பெற்றுள்ளன. அக்குபஞ்சர் உயிரிழப்பைக் குறைக்கிறது என்பதற்குச் சான்றில்லை. பழக்கத்தை நிறுத்திய சில நாள்களிலேயே உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுவதால், மீண்டும் பழைய அளவை எடுத்துக்கொள்பவர் மூச்சு நின்று இறக்கக்கூடும். ஆகவே அக்குபஞ்சரை இம்மருந்துகளுக்குத் துணையாகக் கொள்ளலாமேயன்றி, அவற்றுக்கு மாற்றாகக் கொள்ளலாகாது.