ரேம் ஓவர்கிளாக்கிங்

கணினியின் ரேமை, நினைவகத் தரநிலைகளை வகுக்கும் ஜெடெக் அமைப்பு நிர்ணயித்த வேகத்துக்கு மேல் இயக்குவது ரேம் ஓவர்கிளாக்கிங். டிடிஆர்4 வகைக்கு அந்தத் தரநிலை நொடிக்கு 3200 மெகாட்ரான்ஸ்ஃபரோடு நின்றுவிடுகிறது, மின்னழுத்தம் 1.2 வோல்ட். 3600 என்று அச்சிட்டு விற்கும் டிடிஆர்4 ரேமை வாங்கிச் செருகினால், அது முதலில் பெரும்பாலும் 2133 அல்லது 2400இல்தான் ஓடும். ரேமிலேயே பதிந்திருக்கும் எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பை பயாஸில் இயக்கினால்தான் 3600 கிடைக்கும். மின்னழுத்தமும் பொதுவாக 1.35 வோல்ட்டுக்கு ஏறும். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணே ஓவர்கிளாக்தான் என்பதை வாங்குபவர்கள் பலர் கவனிப்பதில்லை. எக்ஸ்எம்பியை இன்டெல் 2007இல், டிடிஆர்3 காலத்தில் கொண்டுவந்தது. அதேபோன்ற, டிடிஆர்5க்கான எக்ஸ்போவை ஏஎம்டி 2022இல் ரைசன் 7000 வரிசையோடு வெளியிட்டது.

எண் பெரிதானால் தாமதம் குறையும் என்பதில்லை. கேட்ட தரவு வர ஆகும் கடிகாரச் சுற்றுகளின் எண்ணிக்கையே சிஎல். 3200இல் சிஎல் 16, 3600இல் சிஎல் 18, 6000இல் சிஎல் 30 ஆகிய மூன்றுக்கும் சிஎல் தாமதம் 10 நானோநொடியே. கூடுவது ஒரு நொடியில் கடக்கும் தரவின் அளவு. அதற்கும் செயலிக்குள் இருக்கும் மெமரி கண்ட்ரோலர் ஈடுகொடுக்க வேண்டும். ரைசன் 7000க்கு ஏஎம்டி உறுதியளிக்கும் வேகம் இரண்டு ரேம் போட்டால் 5200, நான்கு போட்டால் 3600. நான்கு ஸ்லாட்டையும் நிரப்பிவிட்டு 6000 வரவில்லை என்று ரேமைக் குறைசொல்வதில் நியாயமில்லை.

ரேம் எரிந்துபோவது அரிது. உண்மையான ஆபத்து, சத்தமில்லாமல் ஒரு பிட் மாறிப்போவது. நீலத்திரை வந்தால் அது அதிர்ஷ்டம். பிழை தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. காட்டாத பிழை, நகலெடுக்கும் கோப்போடு சேர்ந்து வட்டில் பதிந்துவிடும். டிடிஆர்5 சிப்புக்குள் பிழைதிருத்தம் உண்டு. ஆனால் சிப்புக்கும் செயலிக்கும் இடைப்பட்ட பாதையில் நேரும் பிழை அதன் கண்ணில் படாது. எனவே ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பென்டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86, பிறகு விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5 என்று இரவு முழுக்க ஓடவிடுவது வழக்கம். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த அமைப்பு தேறவில்லை.

இரவில் தேறியது மறுநாள் மதியம் விளையாடும்போது விழுவதும் உண்டு. ரேமின் மின்தேக்கிகள் கசிபவை. டிடிஆர்4இல் 64 மில்லிநொடிக்குள் அவற்றைப் புதுப்பித்தாக வேண்டும், 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 32க்குள். வேகத்துக்காகப் புதுப்பிக்கும் இடைவெளியை நீட்டியவர்களுக்கு, கிராஃபிக்ஸ் கார்டு கக்கும் சூடு அந்தக் கணக்கைக் கெடுத்துவிடுகிறது. ஆகவே கார்டையும் சேர்த்துச் சூடேற்றிச் சோதிப்பதே சரி.

மின்னழுத்தத்தை ‘ஆட்டோ’வில் விடுவதும் ஆபத்தாகலாம். 2023இல் சில ரைசன் 7000 செயலிகள் கருகியதையடுத்து, மெமரி கண்ட்ரோலருக்குச் செல்லும் எஸ்ஓசி மின்னழுத்தத்துக்கு ஏஎம்டி 1.3 வோல்ட் என்று வரம்பிட்டது. எக்ஸ்போவை இயக்கியபோது சில மதர்போர்டுகள் அதைத் தாமாகவே மேலே ஏற்றியிருந்தன. பழைய பயாஸ் இருந்தால் முதலில் அதைப் புதுப்பிக்க வேண்டும்.

அமைப்பை மாற்றியபின் டிடிஆர்5 கணினி சில நிமிடம் திரை இருண்டே கிடக்கலாம். அது, ரேமுக்கு ஏற்ற நேர அமைப்பைக் கணினி தேடும் ‘ரேம் பயிற்சி’. அவசரப்பட்டு பவரை நிறுத்தக் கூடாது. வெகுநேரமாகியும் எழவில்லையென்றால் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, சீமாஸ் ஜம்பரை இணைத்தோ மதர்போர்டின் நாணய பேட்டரியைச் சற்றுநேரம் கழற்றியோ பயாஸைப் பழைய நிலைக்குத் திருப்பலாம்.