வராகனும் பவுனும்

நெய்வேலி பொன் விளையும் பூமி அன்று. அந்நிலம் ஈவது பழுப்பு நிலக்கரி. 1956-இல் நிலக்கரி நிறுவனம் அமைந்தபின் பல மாவட்டத்துக் குடும்பங்கள் அந்நகரியத்தில் குடியேறின. முஸ்லிம் குடும்பங்களில் ஷாஃபிஈகளும் உண்டு, ஹனஃபீகளும் உண்டு. ஒரே எடையுள்ள நகைக்கு இவ்விரு சாராரும் வெவ்வேறு ஸகாத் கணக்கிடுவது ஏன் என்னும் வினாவே நம்மைத் தங்கத்தின் வரலாற்றுக்குள் இட்டுச்சென்றது.

இன்று நாம் நகையைப் பவுனில் பேசுகிறோம். 'பவுண்டு' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு அது. 1817 முதல் அச்சிடப்பட்ட சாவரின் நாணயம் 22 காரட், எடை 7.98 கிராம். நம் கடைகளின் 8 கிராம் பவுன் அதன் வழிவந்ததே.

அதற்கு முன் வராகன் இருந்தது. நெய்வேலி அமைந்த கடலூர் மாவட்டத்திலேயே உள்ள பரங்கிப்பேட்டை, மஹ்மூது பந்தர் என்றும் வழங்கப்பட்ட துறைமுகம். 'பரங்கிப்பேட்டை வராகன்' என்ற பொற்காசுக்கு அவ்வூரே பெயர் தந்தது. சுமார் 3.4 கிராம் எடையுள்ள அக்காசின் ஒருபுறம் திருமால் உருவம். மறுபுறம் மணிமணியான புள்ளிகள். ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி காலத்திலும் அவ்வுருவம் நீக்கப்படவில்லை. வணிகர் கண்ணுக்குப் பழகிய காசே செல்லும் என்பதை நவாப் அறிந்திருந்தார் போலும்! காசையே கோத்துக் கழுத்தில் அணிந்த காசுமாலை மரபில் நாணயமும் நகையும் ஒன்றாயின.

பசும்பொன் மென்மையானது. செம்பும் வெள்ளியும் கலந்தாலன்றி வளையலாக நில்லாது. கலப்பை அறிய எடையும் பருமனும் துணைசெய்யும். பதினோராம் நூற்றாண்டில் அல்பீரூனி தங்கத்தை அளவுகோலாக்கிப் பிற உலோகங்களின் அடர்த்தியை நீரைக்கொண்டு அளந்தார். தங்கத்துக்கு இன்று அறியப்படும் 19.3 என்னும் எண்ணை அவர் முடிவுகள் நெருங்கி நிற்பது வியப்பே.

தூய்மை அரசியலாகவும் ஆனது. 1963-இல் வந்த தங்கக் கட்டுப்பாடு, புதிய நகை 14 காரட்டுக்கு மேற்படலாகாது என்றது. நெய்வேலியில் குடியேறிய முதல் தலைமுறையினர் இல்லறம் தொடங்கிய காலம் அது. பொற்கொல்லர் பலர் பிழைப்பிழந்தனர். 1968-இன் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990-இல்தான் நீங்கியது.

இனி நம் வினாவுக்கு வருவோம். ஹிஜ்ரி 77-இல் கலீஃபா அப்துல் மலிக் வெளியிட்ட தீனாரின் எடை 4.25 கிராம். ஸகாத்தின் வரம்பு 20 தீனார், அதாவது 85 கிராம். நம் நாட்டு ஹனஃபீ உலமாக்கள் ஏழரைத் தோலா, 87.48 கிராம் என்பர். ஒரு பெண்ணிடம் 22 காரட்டில் 11 பவுன் இருப்பதாகக் கொள்வோம். மொத்தம் 88 கிராம். தங்கம் மிகுந்த கலவை தங்கமே என்பது ஹனஃபீ நெறியாதலால் அவர் ஸகாத் தரவேண்டும். ஷாஃபிஈ நெறியிலோ அணிவதற்கான அனுமதிக்கப்பட்ட நகைக்கு ஸகாத் இல்லை. சேமிப்பாகப் பூட்டி வைத்தாலும் கலப்பைக் கழித்த பசும்பொன்னே கணக்கு, அது 80.7 கிராம்தான், வரம்பை எட்டாது.

ஹனஃபீ மத்ஹபில் கணக்கு தனித்தனி ஆளுக்கே உரியது. தாயின் நகையையும் மகளின் நகையையும் கூட்டி 'வீட்டு நகை' என்று எடைபோடும் நம்மவர் வழக்கத்துக்கு ஹனஃபீ ஃபிக்ஹில் இடமில்லை. மஹராகப் பெற்ற பொன்னும் மனைவியின் உடைமையே. அதன் ஸகாத்தும் அவர் பெயரிலேயே கணக்கிடப்படும்.