ஃப்ளூவாக்ஸெடினும் பியூப்ரோபியானும்: சோர்வுக்கும் புகைக்கும் நடுவே

மருந்தியல் புத்தகத்தில் இந்த இரண்டுக்கும் ஒரே அத்தியாயம்தான். இரண்டும் மனச்சோர்வுக்கான மாத்திரைகள். ஆனால் புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையில், கோட்டைப்பட்டினத்திலோ ஜெகதாப்பட்டினத்திலோ இரவெல்லாம் கடலில் பீடி பிடித்துப் பழகிய ஒருவர், சில மாதங்களாக மனசு விட்டுப்போய், தூக்கமில்லாமல், தொழிலுக்கும் போகாமல் கிடக்கிறார் என்று வையுங்கள். அவருக்கு எதை எழுதுவது என்று யோசிக்கும்போது இரண்டின் வழியும் பிரிந்துவிடுகிறது. ஒன்று பீடியை நிறுத்தவும் கைகொடுக்கும். மற்றது கொடுக்காது.

பியூப்ரோபியான்தான் வயதில் மூத்தது. இந்தியாவில் பிறந்த வேதியியலர் நரிமன் மேத்தா அமெரிக்காவின் பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் 1969-இல் அதை உருவாக்கினார். 1985-இல் மனச்சோர்வுக்கு அனுமதி கிடைத்தது. அதிக அளவில் எடுத்தவர்களில் சிலருக்கு வலிப்பு வந்ததால் மறு ஆண்டே சந்தையிலிருந்து விலக்கப்பட்டு, அளவைக் குறைத்து 1989-இல் மீண்டும் வந்தது. அதற்குப் பிறகு நடந்தது யாரும் திட்டமிடாதது. கலிஃபோர்னியாவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் பணிபுரிந்த லிண்டா ஃபெர்ரி, இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சிகரெட் மேல் நாட்டம் குறைவதைக் கவனித்து, முறைப்படி சோதித்தார். 1997-இல் புகை நிறுத்தத்துக்கும் அனுமதி வந்தது. அதே ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், நாளுக்கு 300 மில்லிகிராம் எடுத்தவர்களில் 23.1 விழுக்காட்டினர் ஓராண்டு முடிவில் புகைக்காமல் இருந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 12.4 விழுக்காடு. ஃப்ளூவாக்ஸெடினின் கதை நேரானது. எலி லில்லி ஆய்வகத்தில் உருவாகி, 1987 இறுதியில் அனுமதி பெற்று, உலகெங்கும் பரவியது.

ஏன் ஒன்று மட்டும் புகைக்கு உதவுகிறது? ஃப்ளூவாக்ஸெடின் மூளையில் செரோடோனின் சீக்கிரம் திரும்ப உறிஞ்சப்படாமல் தடுக்கிறது. பியூப்ரோபியான் டோபமைனிலும் நார்அட்ரினலினிலும் அதே வேலையைச் செய்கிறது. கூடவே நிகோடின் போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகளையும் ஓரளவு அடைக்கிறது. மனச்சோர்வே இல்லாதவர்களுக்கும் அது புகையை விட உதவுகிறது. ஆகவே 'மனசு தெளிந்தால் பீடி தானாக விலகும்' என்ற கணக்கு இங்கே பொருந்தாது. ஃப்ளூவாக்ஸெடின் வகை மருந்துகளைப் புகை நிறுத்தத்துக்கென்றே சோதித்தும் பார்த்துவிட்டார்கள், பலன் இல்லை. ஆனால் பழைய மனச்சோர்வு மருந்தான நார்டிரிப்டிலின் உதவுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எந்த மருந்து என்று பார்க்காமல், மனச்சோர்வு மாத்திரை என்ற பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சாப்பிடும் முறையும் வேறு. ஃப்ளூவாக்ஸெடின் பெரும்பாலும் காலையில் ஒன்று, 20 மில்லிகிராம். நான்கிலிருந்து ஆறு வாரத்தில் பலன் தெரியும். தெளிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். பியூப்ரோபியானைப் புகைக்காகத் தொடங்கினால், பீடியை விடப்போகும் நாளுக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். முதல் மூன்று நாள் ஒன்று, பிறகு எட்டு மணி நேர இடைவெளியில் இரண்டு என்று ஏழிலிருந்து பன்னிரண்டு வாரம். அந்த முதல் வாரத்தில் பீடி பிடித்துக்கொண்டே மாத்திரை போடலாம் என்பதை நோயாளியிடம் சொல்லாவிட்டால், 'மருந்து வேலை செய்யல' என்று நான்காம் நாளே நிறுத்திவிடுவார்.

நம் ஊர் மருந்துக் கடை மேசையில் தினமும் பார்க்கிற காட்சி ஒன்று உண்டு. கையில் இருக்கும் காசுக்கு அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி நான்கு மாத்திரை வாங்குவார்கள். வீட்டில் அதையும் பாதியாக உடைத்து இரண்டு வேளை போடுவார்கள். பியூப்ரோபியானில் இது ஆபத்து. மெல்ல மெல்லக் கரைவதற்காகச் செய்யப்பட்ட மாத்திரை அது. உடைத்தாலோ மென்றாலோ மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கி வலிப்புக்கு இடம் கொடுக்கும். ஃப்ளூவாக்ஸெடின் உடலில் வாரக்கணக்கில் தங்கும் மருந்து. ஒரு வேளை தவறினாலும் பெரிதாகத் தெரியாது.

வலிப்பைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கவலை அங்கேதான் இருக்கிறது. 300 மில்லிகிராம் வரை எடுப்பவர்களில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு வலிப்பு வரலாம். ஏற்கெனவே ஃபிட்ஸ் உள்ளவர்களுக்கும் தலையில் பலமாக அடிபட்டவர்களுக்கும் அந்த வாய்ப்பு கூடுகிறது. தினமும் குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்துகிறவர்களுக்கும் அப்படியே. நம் பக்கம் பீடியும் குடியும் ஒரே ஆளிடம் இருப்பது சாதாரணம். ஐயப்பனுக்கு மாலை போட்டதும் இரண்டையும் ஒரே நாளில் விடுகிறவர்கள் எத்தனை பேர்! அந்த வைராக்கியத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் இந்த மாத்திரையும் உள்ளே இருந்தால் மருத்துவருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். குடியைப் பற்றிக் கேட்காமல் பியூப்ரோபியான் எழுதக் கூடாது. இந்த விஷயத்தில் ஃப்ளூவாக்ஸெடின் பியூப்ரோபியானைவிடப் பாதுகாப்பானது.

ஃப்ளூவாக்ஸெடினுக்கும் தனிக் குறைகள் உண்டு. தாம்பத்திய ஆர்வத்தை மந்தமாக்கும். வெளியே சொல்லக் கூச்சப்பட்டு மருந்தையே நிறுத்திவிடும் ஆண்கள் உண்டு. பியூப்ரோபியானில் அந்தத் தொல்லை மிகக் குறைவு, எடையும் ஏறாது. ஆனால் தூக்கத்தைக் கெடுக்கும். அதனால் இரண்டாவது மாத்திரையை இரவு வரை தள்ளிப்போடக் கூடாது. இதோடு இன்னொன்றும் சேர்கிறது. புகைக்கும்வரை, டீ காபியில் உள்ள கஃபீனை ஈரல் வேகமாகக் கழிக்கும். புகையை விட்டதும் அந்த வேகம் குறைந்துவிடும். பழைய கணக்கில் அஞ்சு டீ குடித்தால் படபடப்பும் விழிப்பும் வரும், பழி மாத்திரை மேல் விழும். டீயைப் பாதியாகக் குறைக்கச் சொன்னால் போதும். இரண்டு மருந்துக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று: இருபத்தைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும்.

பியூப்ரோபியானை நான் தூக்கிப் பிடிக்கவில்லை. 2016-இல் வெளியான ஈகிள்ஸ் ஆய்வில் 8,144 பேர் பங்கேற்றார்கள், அவர்களில் பாதிப் பேர் மனநலச் சிக்கல் உள்ளவர்கள். ஒன்பதிலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை புகைக்காமல் இருந்தவர்கள், புகை நிறுத்த மருந்தான வரெனிக்லினில் 33.5 விழுக்காடு, பியூப்ரோபியானில் 22.6, நிகோடின் ஒட்டுப்பட்டையில் 23.4, வெற்று மாத்திரையில் 12.5. இந்த மருந்துகள் மனநிலையைக் கெடுக்கும் என்ற அச்சம் பெரிதும் விலகியது இந்த ஆய்வால்தான். வெற்றிலையோடு புகையிலை போடும் நம் பெண்களுக்கோ பியூப்ரோபியான் பெரிதாக உதவாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல் மெல்லும் புகையிலைக்கு வரெனிக்லினையும் நிகோடின் மாற்றையும்தான் சொல்கிறது. நாற்று நடும் வயலில் இடுப்புச் சுருக்குப்பையில் புகையிலை வைத்திருக்கும் அம்மாவிடம் யாரும் இதைக் கேட்பதுகூட இல்லை.

'மனசு சரியில்லாதபோது பீடியையும் பிடுங்காதீங்க' என்று உறவினர்களே சொல்வதுண்டு. மருத்துவர்களும் அதை நம்பிய காலம் இருந்தது. விட்ட முதல் சில வாரங்களில் எரிச்சலும் சோர்வும் வருவது உண்மைதான். ஆனால் விட்டவர்களின் சோர்வும் பதற்றமும் பிறகு தணிகின்றன, மனநோய் உள்ளவர்களுக்கும் அப்படியே என்று 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வு காட்டியது. ஆகவே சோர்வு, புகை இரண்டையும் சேர்த்தே கவனிக்கலாம். கடும் சோர்வும், குடியும், பீடியும் உள்ளவருக்கு நான் முதலில் வைப்பது ஃப்ளூவாக்ஸெடினை, புகைக்கு நிகோடின் சூயிங்கம் மெல்லுவதோடு. குடி இல்லை, வலிப்பு இல்லை, சோர்வு மிதம், பீடி கட்டுக்கட்டாய் என்றால் பியூப்ரோபியான் ஒன்றே இரண்டு வேலையையும் பார்க்கும். முடிவு மனநல மருத்துவருடையது. ஆனால் அவர் முடிவெடுக்க நோயாளி சோர்வு, பீடி இரண்டையும் சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லப் போக இடங்களும் இருக்கின்றன. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 2002-லேயே புகையிலை நிறுத்த மையம் வந்துவிட்டது. புதுக்கோட்டையிலேயே 2017-இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் கால் வைத்ததும் பக்கத்துத் திருச்சியில்தான். மனநலப் பிரிவுக்குப் போகிறவர், கேட்காவிட்டாலும், 'நாளுக்கு ஒரு கட்டு பீடி' என்று சொல்லட்டும். நெஞ்சுச் சளிக்காகப் போகிறவர், தூக்கமில்லாததையும் அழுகை வருவதையும் சொல்லட்டும். ஆஸ்பத்திரி தூரம் என்றால் மனநலத்துக்கு 14416, புகையிலையை விட 1800 11 2356. இரண்டும் கட்டணமில்லாத எண்கள்.